சர்வே எண் இல்லாத மழை

ஆடி மாதம், கச்சான் காற்று.
ஒப்பிலான் பள்ளிக்கூட மைதானத்தில்
சாமியானா ஒருபக்கமாய் இழுத்துக்கொண்டு நின்றது.
மேசைமேல் வரைபடம்.
அது பறக்காதிருக்க
நான்கு மூலையிலும் நான்கு தண்ணீர் பாட்டில்.

நான் கடலோர நன்னீர் வாரியத்து ஆள்.
பதவிப்பெயர் நீளம். ஊரில் கூப்பிடுவது
உப்புக்காரம்மா.
இருபத்தேழு கிணறு, நாலு மணல் ஊற்று,
மாதம் ஒருமுறை கயிறு விட்டு
கருவியை நனைத்து
வருகிற எண்ணை பென்சிலால் எழுதுவேன்.

எண்ணுக்கு ருசி கிடையாது.
ருசி சொல்வது செய்னம்பு.
அறுநூறு: "பாலு மாதிரி இருக்கு."
ஆயிரத்து இருநூறு: "குடிக்கலாம், டீ போட்டா திரிஞ்சிரும்."
இரண்டாயிரம்: "ஆட்டுக்கு வை."
அதற்கு மேல் போனால் வாயில் ஊற்ற மாட்டார்,
வாளியைச் சாய்த்துவிட்டு
என்னைப் பார்ப்பார்,
நான்தான் உப்பைக் கொண்டுவந்து போட்டவள் போல.

கம்பெனிக்காரர் நன்றாகப் பேசினார்.
நூற்றெண்பது அறை, இரண்டு நீச்சல்குளம்,
பின்னால் எழுபது ஏக்கர் இறால் குட்டை.
எல்லாமே அலைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்,
கடலைத் தொடவே மாட்டோம் என்றார்.

சத்தியம்.
அவர்கள் தொட மாட்டார்கள்.
கடல் வந்து தொடும்.

எனக்கு மூன்று நிமிடம்.
வாரியத்தின் கடிதம் பதினொரு பக்கம்.
அதை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்:
இந்த மணலுக்குள் ஒரு மழை படுத்திருக்கிறது, சார்.
போன ஐப்பசி, அதற்கு முந்தின ஐப்பசி,
எல்லாம் சேர்ந்து
கனத்த கடல்நீரின் முதுகில்
மிதந்தபடி படுத்திருக்கிறது.
மேலே ஒரு முழம் இறைத்து இறக்கினால்
அடியில் உப்பு நாற்பது முழம் ஏறும்.
இது என் கருத்து இல்லை, கணக்கு.

தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.
"நீங்க சொல்ற மழை
எந்த சர்வே நம்பர்ல இருக்கு?"

பின்வரிசையில் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை, கேள்வி சரியானதுதான்.
பனங்காட்டுக்குக் கீழே, மையவாடிக்குக் கீழே,
இந்த நாற்காலிகளுக்குக் கீழே,
பட்டா இல்லாமல், வேலி இல்லாமல்.
எதை எழுதிக் கொடுப்பது?

பரக்கத்து நிஷா எழுந்தாள். கையில் மனு இல்லை.
"ஏறுன உப்பு இறங்க எத்தனை மழை வேணும்?"
ஏழு, என்றேன். ஏழும் நல்ல மழையாக.
அவள் விரல் மடக்கினாள்.
ஐந்தாவது விரலில் நின்றுவிட்டு
மேசைக்குப் போய்
மூலையிலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.
தாகம், வேறொன்றுமில்லை.

வரைபடம் எழும்பிவிட்டது.
நீச்சல்குளம் ஒரு அதிகாரியின் முகத்தில் அறைந்தது,
இறால் குட்டையைப் பிடிக்க இரண்டு பேர் ஓடினார்கள்.

பதினாறு நாள் கழித்து நடவடிக்கைக் குறிப்பு வந்தது.
வாரியத்தின் ஆட்சேபம்
'குறித்துக்கொள்ளப்பட்டது.'
அவ்வளவுதான், ஒரு வரி.
கோபத்தில் இரண்டாம் முறை படித்தபோது கண்டேன்:
ஒன்பது பக்கத்திலும் ஊரின் பெயர்
உப்பிலான்.
யாரோ தட்டச்சில் கைதவறி
ஊரைத் தித்திப்பாக்கிவிட்டார்.

ஒரு மணி நேரம் அந்தச் சொல்லையே பார்த்திருந்தேன்.
பிறகு எழுதினோம், வாரியத்தின் மிகச் சின்னக் கடிதம்:
அப்படியொரு ஊர் இந்தத் தாலுகாவில் இல்லை.
இல்லாத ஊரில் கேட்ட கருத்து
செல்லாது.

மறு கூட்டம் கார்த்திகை இருபது.

இதை வெற்றி என்று செய்னம்புவிடம் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
தேதியை மட்டும் சொன்னேன்.
அவர் வானத்தைப் பார்க்கவில்லை,
கிணற்றைப் பார்த்தார்.
"நடுவுல ஒரு ஐப்பசி இருக்குல்ல" என்றார்.

பதினாலாம் கிணறு.
போன மாதம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
இந்த மாதம் ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.