ஒரு புள்ளி

டிராமை விட்டு இறங்கியதும் எண்ணினேன், பதினான்கு.
நடைபாலத்தின் நடுவில் எண்ணினேன், பதினான்கு.
நுழைவாயிலில் பதின்மூன்று.
ஜோவிட்டா குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.
மெல்பர்னில் ஜூலை என்றால் குளிர்காலம்,
ஐந்தரைக்கே இருட்டு.
இரவல் ஸ்வெட்டர்களில் பிள்ளைகள் எல்லாரும்
ஒரே பிள்ளையாகத் தெரிகிறார்கள்.

"டீச்சர், பந்து உருண்டையா இல்ல."
முதல் புகார் இசக்கிராஜுடையது.
தூத்துக்குடி மாவட்ட அணியின் ஸ்டாப்பர் பேக்.
பயணத் தாளில் ஃபுட்பால் மேட்ச் என்று படித்த நாள் முதல்
எனக்கு முன்னால் பெட்டி கட்டி வைத்தவன்.
உரித்த தேங்காயை வீசியதுபோல் அது போகிறது.
கையால் பிடிக்கிறார்கள்,
முஷ்டியால் குத்தி அனுப்புகிறார்கள்,
ஒருவன் இன்னொருவன் முதுகில் முழங்கால் வைத்து
பனையேறிபோல் ஏறிப் பறிக்கிறான்.
விசிலே இல்லை.
அரங்கம் முழுக்க எழுந்து கத்துகிறது.
"இது ஃபவுல்தானே? ஃபவுல்தானே?"
என் தோளைப் பிடித்து உலுக்குகிறான்.
நான் தாவரவியல் டீச்சர்.

முன்வரிசையில் கறுப்பு மஞ்சள் மஃப்ளர் சுற்றிய பெண்
திரும்பி, நான்கு கம்பங்களைக் காட்டினாள்.
நடுவே போனால் ஆறு.
ஓரத்தில் போனால் ஒன்று.
பிறகு ஆட்டத்தைப் பார்த்துத் திட்டத் தொடங்கினாள்.
அன்று என் மாணவிகள் கற்ற ஆங்கிலத்தை
இங்கே நான் எழுதப்போவதில்லை.

"தப்பினதுக்குமா மார்க்?"
என்றான் ரிஃபாய்.
நான்கு நாளில் அவன் வாய் திறந்து கேட்டது அதுதான்.

செவ்வாய்க்கிழமை, பல்கலைக்கழக அரங்கில்
மதிப்பெண் போடுகிறவர்கள் வந்து நின்றபோது
அவனுடைய உப்புநீர் சுத்திகரிப்பான்
குமிழி விட்டது, இருமியது, நின்றது.
எங்கள் பள்ளி வராந்தாவில் குடம் நிரப்பிய குழாய்
அங்கே ஒரு சொட்டுத் தரவில்லை.
அவர்கள் புன்னகைத்து அடுத்த மேசைக்குப் போனார்கள்.
அன்றிலிருந்து அவன் தட்டில் சோறு அப்படியே.

இப்போது மடியில் சூடான சிப்ஸ் வாளி.
டிக்கெட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடுகள்.
கோல் கம்பத்தடியில் தொப்பிக்காரர்
இரண்டு விரல் நீட்டினால் ஒரு பக்கம்,
ஒற்றை விரல் நீட்டினால் மறு பக்கம்.
எங்கிருந்தோ கடற்காகங்கள் வந்து
மைதானத்தின் மறுகோடியில் இறங்கின.
பந்து அங்கே போனால் எழும்பின,
போனதும் உட்கார்ந்தன.
அவற்றுக்கு எந்த அணி என்றில்லை.

கடைசி நிமிடம். எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு.
கறுப்பு மஞ்சள்காரன் ஒருவன் ஓடிவந்து உதைத்தான்.
போனது, போனது,
நடுக்கம்பத்தில் மோதித் தெறித்தது.
இசக்கிராஜ் தலையில் கை வைத்தான்.
மஃப்ளர்க்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள்.
எனக்குப் புரியவில்லை,
சைரன் ஊதும்வரை கட்டிப்பிடித்தபடியே நின்றோம்.
அவள் கன்னம் ஐஸ்.

ரிஃபாய் கோடுகளை இரண்டு தடவை கூட்டினான்.
"டீச்சர், ஜெயிச்சவங்க கோல் பதினொண்ணு,
தோத்தவங்க பன்னிரண்டு.
இவங்க பதிமூணு தடவ தப்பிருக்காங்க.
அதுலதான் ஜெயிச்சிருக்காங்க."
அவன் சிரிக்கவில்லை. கண்டுபிடித்த முகம்.
எனக்குள் ஒரு வாக்கியம் கிளம்பி
தொண்டைவரை வந்துவிட்டது.
பதினெட்டு வருஷப் பழக்கம்.
நாக்கைக் கடித்துக்கொண்டு
ஒரு சிப்ஸ் எடுத்தேன். ஆறியிருந்தது.

பிறகு வேலிக் கதவைத் திறந்தார்கள்,
குழந்தைகள் மைதானத்தில் இறங்கலாமாம்.
இசக்கிராஜ் யாரோ ஒரு பொடியனிடம் பந்து வாங்கி
உதைத்தான். அது நேரே போய் விழுந்து
ஆடு திமிறியதுபோல் பக்கவாட்டில் ஓடியது.
துரத்தினான். பிடிக்கக் குனிந்தால் வேறு பக்கம்.
புகார் சொன்ன வாய் முழுக்கச் சிரிப்பு.
ரிஃபாய் கம்பத்தடிக்குப் போனான்,
பந்து பட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்து
கொஞ்ச நேரம் நின்றான்.

திரும்பும் டிராமில் கூட்டம்.
கம்பியைப் பிடித்தபடி எண்ணினேன், பதினைந்து.
மறுபடி எண்ணினேன், பதினைந்து.
யாருடைய பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன் என்று
வயிறு கலங்கியது.
இருண்ட கண்ணாடியில், ஜோவிட்டாவுக்கும் ரிஃபாய்க்கும் நடுவில்
கறுப்பு மஞ்சள் மஃப்ளர் சுற்றிக்கொண்டு
நான்.