உள்ளூர்க் கையெழுத்து

பொன்பாடி தாண்டியும்
கண்டக்டர் அதே தமிழில்தான் சில்லறை கேட்கிறார்.
கடைப்பலகைகள் மட்டும்
எழுத்தை உருட்டிக்கொள்கின்றன.
திருத்தணியிலிருந்து நகரிக்கு
ஒரு வாழைப்பழம் தின்னும் தூரம்,
மடியில் கறுப்புக் கோட்டு.

சிரஸ்தார் என் வக்காலத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
ஒட்டியிருந்த சேமநல முத்திரை சென்னையுடையது.
நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
எம்.எஸ். என்று தொடங்கும் பதிவெண்ணைப் படித்து
'மெட்ராஸா?' என்றார்.
'திருத்தணி.'
'எங்க அப்பா பிறந்தப்போ அது எங்க ஜில்லா'
என்று சிரித்தார்.
அதே சிரிப்போடு
'அனுமதி மனு போடுங்க' என்றார்.

இந்த ஊரில் வக்கீல்கள் இருபத்திரண்டு பேர்.
பதினேழு வீட்டுப் படியேறி இறங்கியிருக்கிறாள்
கன்னியப்பன் மனைவி தேசம்மாள்.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள்.
புகார் கொடுத்தவர் பட்டறையில்
நானூறு விசைத்தறி.
கோர்ட்டுக்குள் உட்கார்ந்தாலும் கேட்கும்.
போன மாசிதான் அவர் பெண்ணுக்குக் கல்யாணம்,
எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

நீதிபதி ஓங்கோல் பக்கம்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
'இங்கே வக்கீலே இல்லையென்றா
எல்லை தாண்டி வந்தீர்கள்?'
முப்பதாம் பிரிவை மனப்பாடம் செய்திருந்தேன்,
பஸ்ஸில் இரண்டு முறை முணுமுணுத்தும் பார்த்தேன்.
வாயில் வந்தது வேறு.
'இவர் சொல்வதை, இவர் சொன்னபடியே கேட்க
ஒரு ஆள் வேண்டும், அம்மா.'

'உள்ளூர் வக்கீல் ஒருவர்
கூடக் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம்.'

அப்போதுதான் எல்லோருக்கும்
அவசரமாய்ப் புரட்ட ஒரு கட்டு இருந்தது.
மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை இடித்துக்கொண்டது.
கடைசி பெஞ்சிலிருந்து
செக் கேஸ் மட்டும் நடத்தும் மொகிலீஸ்வரன் எழுந்து வந்து
என் பேனாவை வாங்கி
என் பெயருக்குக் கீழே தெலுங்கில் போட்டார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அந்தக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர் அவர்தானாம்,
பிறகு தெரிந்தது.
பேனாவைத் திருப்பித் தரவில்லை.

அனுமதிக்கப்பட்டது.
'இந்த வழக்குக்கு மட்டும்' என்பதன் அடியில்
சிவப்பில் ஒரு கோடு.

வாக்குமூலத்தை வாசித்தார்கள்.
'கொன்னானு' என்ற இடத்தில்
கன்னியப்பன் கூண்டுக் கட்டையைப் பற்றிக்கொண்டான்.
'ஐயோ, நான் யாரையும் கொல்லலீங்க!'
முன்வரிசை முழுக்கச் சிரித்தது.
முன்வரிசை முழுக்கத் தமிழ் தெரிந்திருந்தது.
நீதிபதி மட்டும் சிரிக்காமல்
என்னைப் பார்த்தார்.

எழுந்தேன்.
மேஸ்திரி சொல்லியிருக்கிறார்,
ரெண்டு மாசக் கூலிக்கு ஈடா
பன்னிரண்டு கோன் நூலை எடுத்துக்கோ என்று.
ஸ்டேஷனில் இவன் சொன்னது: கொண்டாந்தேன்.
எழுதியவர் காதில் விழுந்தது: கொன்னானு,
வாங்கினேன்.
வாங்கியவனிடம் பில் கேட்டார்கள்.
பில் இல்லை, அதனால் திருட்டு.
அதையே இன்று திரும்பக் கேட்டால்
இவனுக்கு அது கொலை.
ஒரே வார்த்தைதான், அம்மா.
கிளைச்சிறையில் இருபத்துமூன்று நாள்.

தட்டச்சு நின்றது.
நீதிபதி அந்த வார்த்தையைத்
தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்,
உதடு அசைந்தது.

ஜாமீன்.
இரண்டு நபர் பிணை,
இருவரும் உள்ளூர்க்காரர்களாய் இருக்க வேண்டும்.
மறுபடியும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன்,
காலியாக இருந்தது.

வராந்தாவில் போலீஸ்காரர் பீடி பற்றவைக்கும் நேரத்தில்
கன்னியப்பன் கிட்டே நகர்ந்தான்.
'மேடம், அவங்க எழுதினபடி பார்த்தா
நான் காசு கொடுத்து வாங்கினதுதானே?'
அவர்கள் எழுதினபடி, ஆமாம்.
'அப்ப அந்தப் பன்னிரண்டு கோனும் என்னுது.
அதுக்கும் ஒரு மனு போட்ருங்க.'