கணியம்

வாரம் முழுக்க நான் வரைவது மடைகள்.
பொதுப்பணித்துறை, மூன்றாம் மாடி,
ஒன்றுக்கு ஐம்பது அளவில்
கால்வாய், ஷட்டர், கரைச்சரிவு.
கோட்டைத் தாண்டித் தண்ணீர் வெளியே போனால்
இன்ஜினியர் சிவப்புப் பேனாவைத் திறப்பார்.
ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்
எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

திருக்குறுங்குடி தாண்டி வனத்துறைச் செக்போஸ்ட்.
சட்டைப் பட்டையில் பெயர்: ஐகோர்ட் ராஜா.
என் பையைக் கவிழ்த்து
டியூப் டியூபாக வெயிலில் அடுக்கினார்.
"இதுல எது தீப்பிடிக்கும்?"
எதுவும் பிடிக்காது என்றேன்.
நம்பாமல் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு
நோட்டில் எழுதினார்:
டியூப் பதினொண்ணு, பிரஷ் நாலு, பொம்பள ஒண்ணு.
"திரும்பி வரும்போது கணக்குச் சரியா இருக்கணும்க்கா."

ஆடிமாதக் காட்டில் எதுவும் காய்வதில்லை.
ஓடைப்பாறையில் தாளை விரித்து
ஒரு பச்சை இழுத்தேன்.
அது மெதுவாக எழுந்து நடந்து
வானத்துக்குள் போய்விட்டது.
ஊதினேன். விசிறினேன். இன்னொரு பச்சை.
அதுவும் அதன் பின்னாலேயே போனது.
தலையைத் தூக்கினால்
மகேந்திரகிரி பாதிதான் மிச்சம்;
இடுப்புக்கு மேல் பனி.
பனியை வரைவது சுலபம்,
தொடாமல் விட்டால் போதும்.
விட்டேன்.
கணுக்காலில் அட்டை கடித்ததைப் பிறகுதான் பார்த்தேன்.
தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம்.
அன்றைக்குக் காட்டில் காய்ந்தது
அது ஒன்றுதான்.

வள்ளியூர் பஸ், அப்புறம் ராதாபுரம் பஸ்.
ஈரத்தாள் மடியில்.
வழிநெடுகக் காற்றாலைகள்.
அவற்றை நான் வரைவதில்லை,
எங்கள் ஆபீசில் யாரோ
ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நிற்கும்.

கூட்டப்புளியில் கச்சான் காற்று.
இங்கே எல்லாம் தலைகீழ்.
பிரஷைத் தூக்குமுன்னே நிறம் காய்கிறது.
கடலை ஒரே இழுப்பில் போட வேண்டும்,
யோசித்தால் போச்சு.
ஐந்து தாள் கெடுத்தேன்.
ஆறாவதில் வானம் கொஞ்சம் ஈரமாய் இருந்தபோது
காற்று ஒரு கை மணலை வீசியது.
சிவப்பும் கறுப்புமாய் ஒட்டிக்கொண்ட பொடியை
நான் தட்டிவிடவில்லை.

ஞாயிறு என்பதால் வள்ளங்கள் மேட்டில் கிடந்தன.
தொம்மை என்பவர் வந்து நின்றார்.
கடலைப் பார்க்கவில்லை.
"அத நாங்க தெனமும் பாக்கோம்."
செருப்பை வைத்து நான் அழுத்தியிருந்த
மலையைக் குனிந்து பார்த்தார்.
"இது நம்ம மலைலா.
மறுபக்கமா உக்காந்து வரைஞ்சிருக்கிய.
இந்த இடுக்கு எங்களுக்கு வலத்தால இருக்கும்.
நடுக்கடல்ல நின்னு பாத்தா
கோயில் குருசும் இந்த இடுக்கும்
ஒண்ணுமேல ஒண்ணு வரணும்.
வந்துட்டா அடியில பாறை.
மீன் நிக்கும்.
கணியம்னு சொல்லுவோம்."

பிறகு விரலால் வெள்ளையைக் காட்டி,
"இது என்னது?"
"பனி."
"அத எடுத்துருங்க.
பனி எறங்கிட்டுன்னா
எங்களுக்கு எடம் தவறிரும்."

வெள்ளை என்பது நான் வரையாத தாள்,
வரையாததை எப்படி எடுப்பது
என்று சொல்ல வாய் வரவில்லை.
அதற்குள் அவர் மண்டியிட்டு,
தூண்டில் நரம்பு அறுத்த தடம் உள்ள பெருவிரலின்
நகத்தால் தாளைக் கீறினார்:
இடுக்கிலிருந்து மேலே,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து ஒரு கூன்,
அப்புறம் உச்சி, அப்புறம் நீண்ட இறக்கம்.
எங்கும் தயங்கவில்லை.
காலை முழுக்க அதன் காலடியில் இருந்தும்
நான் பார்க்காத மலை.

தாளில் நிறமில்லை, கீறல் மட்டும்.
சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி
வீட்டுக் குழல்விளக்கின் கீழே
வெள்ளையின் மேல் வெறும் தண்ணீர் விட்டு
ஓரத்தில் ஒரு துளி நீலம் வைத்தேன்.
கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது.
பிறகு நகர்ந்தது,
யாரும் ஷட்டர் திறக்காமல்.
நகம் கீறிய பள்ளம் வரை போய்
அங்கே நின்றது.