நீக்க முன் வாசிக்கவும்

நிரோஜன் மன்னாருக்கு மாற்றலாகிப் போகையில் தந்தது
ஒரு பென்ட்ரைவ், ஒரு திறப்பு,
"எல்லாம் உதுக்குள்ள இருக்கு" என்ற ஒரு வசனம்.

இருந்தது.
புதிது. புதிது இரண்டு. கடைசி.
உண்மையான கடைசி. இதைப் பாவிக்காதே.
பாவிக்காதேயின் உள்ளே இன்னொரு கடைசி.

துணுக்காய்ப் பிரதேச செயலகத்தில் கணினிகள் நாற்பத்தொன்று.
அதில் இரண்டு, தட்டினால்தான் எழும்பும்.
மத்தியானத்தில் இணையம் நித்திரை கொள்ளும்.
மென்பொருளை நான் கையில்தான் காவுகிறேன்,
கிரவல் முற்றம் தாண்டிப் பின்கட்டடத்துக்கு,
சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரே பையில்.

அடுக்க ஒரு மாதம் எடுத்தது.
ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கோப்புறை,
உள்ளே நிறுவும் நிரல், நீக்கும் நிரல், ஒரு பக்கக் குறிப்பு:
எந்தப் பதிப்பு, எந்த மேசை, ஆர் கேட்டது,
பிழைத்தால் என்ன செய்வது.
பெயர்களில் இடைவெளி விடாதே என்று எனக்கே எழுதிவைத்து
அடுத்த நாளே விட்டேன்.
அந்த இடைவெளியில் தடக்கி விழுந்து கிடந்தது நிரல்
நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்வரை.

நிறுவுவது லேசு.
அடுத்து, அடுத்து, சம்மதம், முடிந்தது.
விறாந்தையில் நிற்கிற சனம் படிவத்தில் ஒப்பம் வைப்பதுபோல,
வாசிக்காமலே.

நீக்குவதுதான் வேலை.
அச்சுப்பொறி செத்து நாலு வருடம்;
அதன் மென்பொருள் காலமை காலமை எழும்பி
இன்னும் அதைத் தேடுகிறது.
போ என்றால், போய்விட்டேன் என்கிறது.
பதிவேட்டைத் திறந்தால் பதினேழு இடத்தில் அதன் பெயர்.
பதினேழையும் எழுதினேன், முன்னால் ஒரு வரியோடு:
அழிக்க முன் பிரதி எடு.
பிறகு அந்த வரியை எல்லா நிரலிலும் ஒட்டினேன்,
வெள்ளி பின்னேரம், பஸ்ஸுக்கு நேரமாகியும்.

செவ்வாய், பழைய எழுத்துருத் தொகுப்பின் முறை.
எல்லாரும் யூனிகோட்டுக்கு வந்தாயிற்று,
பாமினி இனி எதற்கு?
சோதனைக்கு ஒரு கணினி: காணிப் பிரிவு, சன்னலோரம்.
ஒன்பது வினாடி ஓடி
பச்சையில் சொன்னது, வெற்றி.

அரை மணியால் இந்திராதேவி அக்காவின் குரல்:
"தங்கச்சி, உதென்ன கோதாரி செய்து வச்சிருக்கிறாய்?"

திரையில் மீளக்குடியேறியோர் பட்டியல், இரண்டாயிரத்துப் பத்து.
முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம்,
ஒரு பெயரும் தமிழில் இல்லை.
தலைகால் தெரியாத ஆங்கிலச் சின்னெழுத்துகள்.
மெய்யின் தலையிலிருந்த புள்ளி எல்லாம் கழன்று
பக்கத்தில் அரைப்புள்ளியாய் நிற்கிறது.
ஊரின் பெயரில் அரைப்புள்ளி. தகப்பன் பெயரில் அரைப்புள்ளி.
காணித்துண்டு எண்கள் மட்டும்
எண்களாகவே.

மேசைக்கு முன்னால் கோப்பும் கையுமாய் ஒருவர்
"என்ர பேர் இல்லையாமோ?" என்றார்,
சத்தம் போடாமல்,
வேறு மேசைகளிலும் கேட்டுப் பழகியவர்போல.

இருக்குது ஐயா.
எழுத்துத்தான் போட்டுது.

பிரதியிலிருந்து மீட்கையில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட்டது. திரும்ப முதலிலிருந்து.
பிறகு ஒரேயடியாய்
எல்லாப் புள்ளியும் ஏறித் தலையில் உட்கார்ந்தது.
அக்கா திரையில் விரல் வைத்து வாசித்தா:
"சின்னத்துரை மகேந்திரலிங்கம்?"
"ஓம்."
எண்ணிப் பார்த்தேன். ஐந்து புள்ளியும் இருந்தன.

இப்போது அந்தக் கோப்புறையில் நீக்கும் நிரல் இல்லை.
இருந்த இடத்தில் ஒரு குறிப்பு, முழுப் பக்கம்.
நிர்வாக உத்தியோகத்தர் நீளம் என்றார். குறைத்தேன்:

    நீக்கவேண்டாம்.
    காணிப் பிரிவில் இன்னும் ஆறாயிரம் கோப்பு.
    முதலில் அவற்றை மாற்று.
    மாற்றியதைப் பெயருக்குரியவரிடம் வாசித்துக் காட்டு.

சேமிக்கையில் பெயர் கேட்டது.
விரல் தன்பாட்டில் கடைசி என்று தட்டியது.
அழித்துப்போட்டுத் திகதி இட்டேன்.