555 கணக்கு

கார் வந்த மறுநாள்
செந்தூல் பாசாரில் ஒரு 555 புத்தகம் வாங்கினேன்,
ஒரு வெள்ளி இருபது காசு.
முதல் செலவாக அதையே எழுதினேன்.

குணசீலன் சிரித்தார்.
"இனி பெட்ரோல் நிலையத்துக்கு ஒரு கும்பிடு" என்றார்.
உண்மைதான். கும்பிட்டபடியேதான் கடக்கிறோம்
வழியில் இருக்கும் மூன்றையும்.

எங்கள் வீடு பதினான்காம் மாடி.
கார் நிற்பது நிலத்தடியில், இரண்டாம் தளம், தூண் 67.
மின்சாரம் எங்கள் வீட்டில் இருக்கிறது,
கார் எங்கள் பெயரில் இருக்கிறது,
இரண்டையும் இணைக்கும் ஒயர் மட்டும்
நிர்வாகக் குழுவின் கோப்பில் இருக்கிறது.

தூணருகே ஒரு பிளக் உண்டு,
தரை துடைக்கும் இயந்திரத்துக்கானது.
முதல் வாரம் அதில் சொருகினோம்.
காவலர் பிஷ்ணு பார்த்தும் பாராமல் நடந்தார்.
இரண்டாம் வாரம் லிஃப்டில் ஓர் அறிவிப்பு,
மலாயில், சீனத்தில், ஆங்கிலத்தில்:
பொது மின்சாரத்தைத் திருடாதீர்.
தமிழில் மட்டும் இல்லை.
குற்றவாளிக்கு எந்த மொழியிலும் புரியும்
என்று விட்டிருக்கலாம்.

ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கினேன்.
மிஸ்டர் லியோங் கேட்டார்: தீப்பிடித்தால்?
கக் நோரைனி கேட்டார்: பில் யார் கட்டுவது?
என்னிடம் பதில் இருந்தது, நான்கு பக்கம்.
அதற்குள் யாரோ லிஃப்ட் பழுதை ஆரம்பித்தார்கள்.
அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று
பிஸ்கட் டின்னைத் திறந்தார்கள்.

ஆகவே வாரம் இரண்டு இரவு
பேரங்காடியின் மூன்றாம் தளம்.
இரண்டு சார்ஜர்.
ஒன்றுக்கு எப்போதும் உடம்பு சரியில்லை.
இருபதிலிருந்து எண்பது சதவீதம்:
நாற்பத்திரண்டு வெள்ளி. நிறுத்தக் கட்டணம் ஐந்து.
இதே தூரத்துக்குப் பழைய மைவி குடித்தது
இருபத்தைந்து.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்,
மூன்றாம் முறை கால்குலேட்டரைச் சந்தேகப்பட்டேன்.
"வீட்டில் ஏற்றினால் பதினான்குதான்" என்றார் குணசீலன்,
வாங்காமல் விட்ட நிலத்தின் விலையைச் சொல்கிறவர் மாதிரி.

காத்திருப்பை எந்தப் பத்தியில் போடுவது?
சும்மா நிற்கிறோமா என்ன:
ஐஸ் கச்சாங் ஒன்பது வெள்ளி,
தேவையில்லாத வாளி ஒன்று,
தள்ளுபடியில் தலையணை உறை ஒரு ஜோடி.
காரில் சார்ஜ் ஏற ஏற
வீட்டில் பொருள் ஏறுகிறது.

ஓர் இரவு, கடைகள் அடைத்த பிறகு,
இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தோம்.
பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.
தன் வேலையை நிரந்தரமாக்கவில்லை என்றார் குணசீலன்.
மூன்று மாதமாகத் தெரியுமாம்.
வீட்டில் சொல்ல இடம் வாய்க்கவில்லையாம்.
எழுபத்தொன்று சதவீதம் இருந்தது அப்போது.
எண்பது ஆனது. நாங்கள் நகரவில்லை.
நிமிடத்துக்கு ஒரு வெள்ளி அபராதம்.
பத்தொன்பது வெள்ளி, எழுதியிருக்கிறேன்.
எதற்கென்று எழுதவில்லை.

கார்க்கடன் ஒன்பது ஆண்டு.
பேட்டரிக்கு உத்தரவாதம் எட்டு.
அந்த ஒற்றை ஆண்டைப் பற்றி
விற்பனையாளரைக் கேட்டிருந்தேன் அன்றைக்கே.
நல்ல பையன்.
குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

வரவும் உண்டு, நியாயம் பேச வேண்டும்.
என்ஜின் ஆயில் செலவு இல்லை.
ஜாலான் ஈப்போ நெரிசலில் கால் கடுப்பதில்லை.
விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்
நாற்காலியில் உறங்கும் பிஷ்ணு விழிப்பதில்லை.

தூண் 67-இன் பூனைக்குத்தான் நஷ்டம்.
மைவி வந்து நின்றதும்
சூடான பானட்டில் ஏறிச் சுருண்டுகொள்ளும்.
புதுக் காரிலும் ஒருநாள் ஏறியது.
முன்காலால் தொட்டுப் பார்த்தது,
வயிற்றை வைத்துப் பார்த்தது,
எங்களைப் பார்த்தது.
பிறகு இறங்கி, அவசரமே இல்லாமல்,
மிஸ்டர் லியோங்கின் டீசல் வண்டியை நோக்கி
நடந்து போனது.