பதினேழாம் பெட்டி

இரவு இரண்டரை.
ஜூரோங் மீன்துறைமுகத்தில்
பகல் தொடங்கி வெகுநேரமாகிவிட்டது.
நுரைப்பெட்டியின் மூடியைத் திறக்கிறேன்.
ஈர மரத்தூளுக்குள்
மீசைகள் முதலில் அசைகின்றன;
பிறகுதான் உடம்பு வந்து சேர்கிறது.

எங்கள் தாளில் அதன் பெயர் 'உயிர், பெரியது, ஏ'.
தமிழில் சிங்கி.
சிங்கப்பூரில் சிங்கி என்று
வேலைக்கு வந்த முதல் வாரம் எனக்கே சிரிப்பு.
கிலோ தொண்ணூறு வெள்ளிக்குப் போவதைத்
தூக்கி நிறுக்கிறவள்,
மாதக் கடைசியில்
சோற்றுக்குச் சிங்கியடிக்கிறவள்.

தூக்கினால் கத்தும்.
தொண்டை கிடையாது;
மீசையின் அடியைக் கண்ணோரத்து மேட்டில் தேய்த்து
துருவேறிய கீல்போல் ஓர் ஒலி.
'ஏலம் கேட்கிறது' என்பார் கூன் ஹுவாட்.

பதினேழாம் பெட்டியில் நான்காவது.
வாலைப் புரட்டினேன்.
அடித்துடுப்புகள் கிழிந்த விசிறியாய்.
மயிரிழைகள் இருக்கவேண்டிய இடத்தில் வழுக்கை.
ஒரு மூட்டின் இடுக்கில் மட்டும்
கசகசாவிலும் சிறிதாய்
ஆரஞ்சு நிறத்தில் ஒன்று
தப்பியிருந்தது.
நகத்தால் தொட்டுப் பார்த்தேன்.

யாரோ பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.
முட்டை சுமப்பதைப் பிடிக்கக்கூடாதாம் அக்கரையில்.
அதனால் படகிலேயே
பிரசவம் பார்த்துவிட்டார்கள்.

லட்சமா, இரண்டு லட்சமா.
பொரிந்திருந்தால்
கண்ணாடியில் வெட்டிய சிலந்திகளாய்
மாதக்கணக்கில் மிதந்திருக்கும்,
எந்த நீர் எந்த நாட்டினது என்று கேளாமல்,
நங்கூரமிட்ட கப்பல்களின் அடிவயிற்றைக் கடந்து.
மீன் தின்றது போக, அலை கொண்டது போக
ஒன்றோ இரண்டோ
ஏதோவொரு பாறையிடுக்கில் கால் ஊன்றியிருக்கும்.
அந்த ஒன்றைத்தான்
எந்த எண்ணிலிருந்து கழிப்பதென்று தெரியவில்லை.

எடை: ஒன்று புள்ளி இரண்டு நான்கு.
தாளில் மற்ற கட்டங்கள்:
உயிர். நிறம். கால் குறைவு.

லாரி பின்பக்கமாய் வந்து பீப் பீப் என்கிறது.
'என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?'
'பெண்' என்றேன்.
'எல்லாம் ஒரே விலைதான்.'

கால்களை எண்ணினேன்.
பத்தும் இருந்தன.
'கால் குறைவு'க்கு நேரே ஒரு கோடு போட்டேன்.
ஏ தரம் பி ஆனது.
கிலோவுக்கு முப்பது வெள்ளி போயிற்று.
என்னால் விதிக்க முடிந்த அபராதம் அவ்வளவுதான்,
அதுவும் தப்பான ஆளுக்கு:
தேய்த்தவன் இந்நேரம்
ஏதோவொரு தீவில் தூங்கிக்கொண்டிருப்பான்,
கடனும் இருக்கும் அவனுக்கு.
கூன் ஹுவாட் தாளைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.
காலை உணவுக்கு முன்
அது யாருடைய தொட்டியிலோ
மீசையைக் கண்ணாடியில் உரசிக்கொண்டிருக்கும்.

ஆறரைக்கு வீடு.
பன்னிரண்டாம் மாடிக் குளியலறையில்
பற்பசையைப் பிதுக்கும்போது பார்த்தேன்:
கட்டைவிரல் நகத்தடியில்
அந்த ஆரஞ்சு.

கையில் பிரஷ்.
குழாய்
ஓடிக்கொண்டே இருக்கிறது.