காலை எடுக்கும்போது

இதோடு மூன்று ஜோடி மஃப்ளர்.
முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டுக்கு
இதுவரை என்ன செலவு என்று கேட்காதீர்கள்.

முதல் ஜோடி முனகியது,
காய்ச்சல்காரன் போர்வைக்குள் பேசுகிற மாதிரி.
இரண்டாவதை மாட்டிய அன்று
கட்டிலடியில் புகுந்த எதிர்வீட்டு நாய்
வியாழன்வரை வெளியே வரவில்லை.

ஓட்டுகிறவளுக்குத்
தன் வண்டி முழுசாகக் கேட்காது.
சாவியைக் கொழுந்தன் ஆர்லோவிடம் தந்துவிட்டு
கோதுமைக் கிடங்கின் சுவரோரம் நின்றேன்.
கான்சாஸ் காற்று. காதுக்குள் புழுதி.

கண்ணாடி நார் திணித்த நீளக் குழாய்கள்,
இருபத்திரண்டு அங்குலம்.
வந்தான், அழுத்தினான்.
நன்றாகத்தான் இருந்தது.
அழுத்தினால் எந்த எஞ்சினும்தான் கத்தும்.

ரயில் கேட்டுக்கு முன்னால்
காலை எடுத்தான்.

ஈர விறகு வெடிக்கிற மாதிரி
படபடவென்று உதிர்ந்து
தொண்டைக்குள்ளேயே உருண்டு
அடங்கப் போய்
அடங்க மனமில்லாமல்
இன்னும் ஒன்று,
எண்ணி முடித்த பிறகு
இன்னும் ஒன்று.

திரும்பி வந்து தலையை நீட்டினான்:
"எப்படி, ட்வைலா?"

"சரியாகக் கேட்கவில்லை,
இன்னொரு தடவை போ" என்றேன்.

பதினோரு தடவை போய்வந்தான்.
பெட்ரோல் தீர்ந்து
கிடங்குவரை
இருவரும் தள்ளிக்கொண்டு வந்தோம்,
சத்தமே இல்லாமல்.